கடைசித் தோசை யாருக்கு?

உங்களை ஒரு கேள்வி கேட்கலாமா? கோபித்துக் கொள்ளக் கூடாது. நேற்று இரவு உங்கள் வீட்டில் தோசை வார்த்தீர்களே, அதில் முதல் தோசை யாருக்குப் போயிற்று? கடைசித் தோசை யாருக்குப் போயிற்று?

நீங்கள் சொல்லாவிட்டாலும் எங்களுக்குத் தெரியும். முதல் தோசை கல்லில் ஒட்டிக் கொண்டு பிய்ந்து போயிருக்கும். அதைத் தட்டில் போட மனம் வராமல் ஓரமாக எடுத்து வைத்திருப்பீர்கள். பிறகு வந்த பொன்னிறத் தோசைகள் ஒவ்வொன்றாகக் கூடத்துக்குப் போயிருக்கும். "இன்னும் ஒன்று போடட்டுமா?" என்று நீங்களும், "போதும், போதும். சரி, நீ சொல்கிறாய் என்பதற்காக ஒன்று" என்று அவரும் பேசி முடித்த பிறகு, மாவுப் பாத்திரத்தை வழித்துக் கடைசியாக ஒன்று வார்த்திருப்பீர்கள். ஆக, பிய்ந்த முதல் தோசையும், சட்டினி தீர்ந்த பின் வந்த கடைசித் தோசையும் உங்கள் பங்கு!

இப்படிப் பாகம் பிரிக்க வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு இதுதான் நடக்கிறது. அதே தம்பதி ஹோட்டலுக்குப் போனால் நிலைமை வேறு. இருவரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். இரண்டு தோசையும் ஒரே சமயத்தில் ஆவி பறக்க வருகின்றன. வீட்டுச் சாப்பாட்டையும் ஹோட்டல் சாப்பாட்டையும் எடை போடுகிறவர்கள் ருசி, விலை, உடம்பு என்று மூன்றைத்தான் பார்க்கிறார்கள். நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்துத் தராசில் வைத்துப் பார்ப்போமா?

இரண்டு பேருக்குச் சமையல்

மேற்கு மாம்பலத்தில் ஒரு தம்பதி என்று வைத்துக் கொள்வோம். அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறார். அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் வேறு யாரும் இல்லை. "இரண்டே பேர்தானே, என்ன பெரிய சமையல்!" என்று சொல்கிறவர்கள் உண்டு. இரண்டு பேருக்குச் சமைத்துப் பார்த்தால் தெரியும் சங்கதி! பத்துப் பேருக்குச் சமைத்தாலும் சரி, இரண்டு பேருக்குச் சமைத்தாலும் சரி, கடுகு தாளிக்கத்தான் வேண்டும். தேங்காய் உடைக்கத்தான் வேண்டும். பாத்திரங்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றுதான். குறைவது அரிசியின் அளவு மட்டுமே.

காலையில் முதலில் அடுப்பு ஏறுவது காப்பிக்கு. இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. காப்பிப் பொடி என்று வாங்குவதில் சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அதாவது, சிக்கரி 49 சதவிகிதம் வரை இருக்கலாம்! டிகாக்ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்குகிறதே என்று பெருமைப்படுகிறீர்கள். அந்தப் பெருமையில் சிக்கரிக்கு எத்தனை பங்கு என்பது பாக்கெட்டின் பின்புறம் அச்சாகியிருக்கிறது.

காப்பிக்குப் பிறகு இட்லி. நம் முன்னோர்கள் இரசாயனப் புத்தகம் படித்தவர்கள் அல்ல. ஆனால் அரிசியையும் உளுந்தையும் சேர்த்தார்களே, அது எவ்வளவு பொருத்தமான கல்யாணம் தெரியுமா? புரதத்துக்கு வேண்டிய லைசின் என்ற சத்து அரிசியில் குறைவு, உளுந்தில் தாராளம். மெதியோனின் என்ற சத்து உளுந்தில் குறைவு, அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்து வைக்கிறது. இரவில் மாவு பொங்குவதும் மாயமில்லை. உளுந்தோடு வந்த நுண்ணுயிர்கள் இரவெல்லாம் வேலை செய்து, மாவைப் புளிக்க வைத்து, கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. இட்லி பூப்போல இருக்கும் இரகசியம் அதுதான்.

இந்த மாவுக்காக நம் பாட்டிமார்கள் ஆட்டுக்கல்லோடு மல்லுக்கு நின்றார்கள். 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் சுற்றும் கிரைண்டரை உருவாக்கினார். 1959-ல் பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் என்ற இரண்டு பிரஷர் குக்கர்களும் நம் நாட்டுச் சமையலறைக்குள் வந்தன. தமிழ்நாட்டுப் பெண்களின் தோள் வலியைக் குறைத்தவர்கள் பட்டியல் ஒன்று போட்டால், கிரைண்டருக்கு முதல் வரிசையில் இடம் தர வேண்டும். இன்றோ தெரு முனைக் கடையில் மாவே பாக்கெட்டில் கிடைக்கிறது. வாங்குவதில் தவறொன்றும் இல்லை. அரைத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் குளிர்ப் பெட்டியில் வையுங்கள், அவ்வளவுதான்.

குடும்ப அறையும் திரைச் சீலையும்

இனி ஹோட்டலுக்குப் போவோம். ஒரு காலத்தில் "காப்பி கிளப்" என்றால் ஆண்பிள்ளைகள் கூடும் இடம். கௌரவமான வீட்டுப் பெண்கள் அங்கே காலடி வைப்பதாவது! பின்னர் ஹோட்டல்களில் "பேமிலி ரூம்" என்று ஓர் அறை வந்தது. வாசலில் திரைச் சீலை தொங்கும். உள்ளே மனைவி மக்களோடு உட்கார்ந்து, வெளியில் யார் கண்ணிலும் படாமல் மசால் தோசை சாப்பிட்டு வரலாம். ஏதோ குற்றம் செய்வதுபோல!

சென்னையில் இந்தக் கூச்சத்தைப் போக்கியதில் உடுப்பிக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, எளிய வேலையில் தொடங்கி உயர்ந்த கே. கிருஷ்ண ராவ், 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலை ஆரம்பித்தார். 1962-ல் கதீட்ரல் ரோடில் மரங்கள் அடர்ந்த தோட்டத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் திறக்கப்பட்டது. காரில் இருந்தபடியே டிபன் சாப்பிடலாம். ஜன்னலில் தட்டை மாட்டி விடுவார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே மேஜையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள். எத்தனை தம்பதிகளின் கல்யாணப் பேச்சு அந்த மரத்தடிகளில் முடிவாயிற்றோ! 2008-ல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. மரங்கள் இருக்கின்றன, பூரிக் கிழங்குதான் இல்லை.

யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்விக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பெண்களைத் தடுத்தது கூச்சம் என்றால், எத்தனையோ பேரை வாசலிலேயே தடுத்து நிறுத்தியது ஜாதி. பொது உணவு விடுதிக்குள் வரக் கூடாது என்று ஜாதி, மதம், ஆண் பெண் எனும் காரணங்களைச் சொல்லி யாரையும் தடுக்க முடியாது என்று 1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ம் பிரிவு கூறுகிறது. ஹோட்டல் பலகைகளில் "பிராமணாள்" என்ற சொல் இருக்கக் கூடாது என்று 1957-ல் பெரியார் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் முன்னால் கிளர்ச்சி நடத்தினார். இன்று நாம் எந்த ஹோட்டலிலும் காலியாக உள்ள நாற்காலியில் சுவாதீனமாக உட்காருகிறோம். அந்த நாற்காலிக்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

அதே திருவல்லிக்கேணியில் 1948-ல் தொடங்கிய ரத்னா கபே இருக்கிறது. அங்கே இட்லிக்குச் சாம்பார் தொட்டுக் கொள்வதில்லை. சாம்பாரில் இட்லி நீந்துகிறது. கேட்கக் கேட்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். "எங்கள் வீட்டுச் சாம்பாரை இப்படிக் குடிப்பீர்களா?" என்று கணவரைக் கேட்டு வையுங்கள். பதிலை அவரே யோசித்துச் சொல்லட்டும்!

சர்வரின் மந்திரம்

"என்ன இருக்கு?" என்று கேட்டதும் சர்வர் மூச்சு விடாமல் ஒப்பிப்பாரே, அந்த மந்திரத்தைக் கேட்டிருப்பீர்கள். "இட்லி வடை பொங்கல் பூரி ரோஸ்ட் ஊத்தப்பம் ஆனியன் ரவா..." அவர் முடித்ததும் நம்மவர்கள் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "சரி, இரண்டு இட்லி" என்பார்கள்.

இரண்டு பேராகப் போவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆளுக்கொன்றாக வேறு வேறு பண்டம் சொல்லிப் பாதிப் பாதி பகிர்ந்து கொள்ளலாம். வீட்டில் செய்யச் சிரமமானதை ஹோட்டலில் கேட்பதுதான் புத்திசாலித்தனம். ரவா தோசையும் பேப்பர் ரோஸ்டும் அந்த ஜாதி. ஹோட்டல் ரோஸ்ட் ஏன் அப்படி மொறுமொறுக்கிறது என்று ஆச்சரியப்படுகிறீர்கள் அல்லவா? அங்கே உள்ள கல் கனத்த இரும்புப் பாளம். அது சூட்டை நிறையப் பிடித்து வைத்துக் கொள்ளும். மாவு விழுந்தாலும் சட்டென்று ஆறாது. நம் வீட்டு மெல்லிய கல்லோ, ஒரு கரண்டி மாவு விழுந்தவுடனே சூடு தணிந்து விடுகிறது. கனமான இரும்புத் தோசைக்கல் ஒன்று வாங்கி, எண்ணெய் தடவிப் பழக்கி, அரைக்கும்போது ஒரு கைப்பிடி கடலைப் பருப்பும் சிறிது வெந்தயமும் சேர்த்துப் பாருங்கள். ஹோட்டல் முதலாளிக்கு உங்கள்மேல் கோபம் வந்தாலும் வரும்.

பில்லைப் பார்க்கத் தயங்க வேண்டாம். 2017 நவம்பர் மாதத்திலிருந்து சாதாரண ஹோட்டல் சாப்பாட்டுக்கு 5 சதவிகித ஜி.எஸ்.டி. என்று ஆகியிருக்கிறது. 200 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 10 ரூபாய் வரி. அதற்கு மேல் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு வரி ஏறியிருந்தால் அது அரசாங்க வரி அல்ல. அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிடுகிறவரின் இஷ்டம் என்று 2022-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. 2025-ல் டில்லி ஹைகோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. பில்லில் 14 இலக்கத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். அது உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எண். சாப்பாட்டில் கோளாறு என்று புகார் செய்ய நேர்ந்தால் அந்த எண் உதவும்.

உடம்பு விஷயத்திலும் ஒரு வார்த்தை. வாணலியில் காய்ந்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அது கெட்டுப் போகிறது. எந்த அளவு கெட்ட பின் அதைக் கொட்டிவிட வேண்டும் என்பதற்கு 2018 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் விதி உண்டு. ஹோட்டலைக் குறை கூறும் முன், தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெய் நம் வீட்டு அலமாரியில் எத்தனை நாள் இருந்தது என்றும் யோசித்துக் கொள்ளலாம். உப்பும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஊறுகாய், அப்பளம், சாம்பார், கடையில் வாங்கிய மிக்ஸ்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி!

முனியாண்டியின் கொடை

ஞாயிற்றுக்கிழமை அசைவம் சாப்பிடுகிற குடும்பங்களுக்கு முனியாண்டி விலாஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? மதுரை ஜில்லாவில் திருமங்கலத்தை அடுத்து வடக்கம்பட்டி என்று ஓர் ஊர். அங்கே குடிகொண்ட முனியாண்டி சாமிதான் இந்த ஹோட்டல்காரர்களுக்குக் குலதெய்வம் போல. ஊர் ஊராகப் போய்ச் சாப்பாட்டுக் கடை வைத்தவர்கள் வருஷத்துக்கொரு முறை ஊர் திரும்பித் திருவிழா எடுக்கிறார்கள். இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகிறது. பொழுது விடிந்ததும் அதுதான் பிரசாதம். வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறார்கள். கடையில் காசு வாங்கிப் போடும் கை, அன்று ஒரு நாள் காசு வாங்காமல் போடுகிறது.

ஞாயிறு மத்தியானம் ஹோட்டலுக்குப் போவதில் கணவருக்கு ஓர் ஆட்சேபம் இருக்கும். "வீட்டில் செய்தால் இந்தப் பணத்துக்கு இரண்டு மடங்கு செய்யலாமே!" வாஸ்தவந்தான். ஆனால் செய்வது யார்? மசாலா அரைப்பது யார்? எண்ணெய்ப் பிசுக்கான வாணலியைத் தேய்ப்பது யார்? அந்த வேலைக்கு அவர் கணக்கில் கூலி ஏறுவதில்லை. வீட்டுச் சாப்பாடு மலிவாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

நகரத்தில் எல்லோருக்கும் இந்த ஹோட்டல் சௌகரியம் எட்டுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 2013-ல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள். சமைக்கவும் பரிமாறவும் சுய உதவிக் குழுப் பெண்களே அமர்த்தப்பட்டார்கள். தினக்கூலிக்குப் போகும் கணவனும் மனைவியும் காலையில் அடுப்பு மூட்டாமல் பசியாறி வேலைக்குப் போக முடிந்தது. ருசியில் உயர்வு தாழ்வு பேசலாம். அவளுக்கு மிச்சமான அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை பேச முடியுமா?

289 நிமிஷம்

இப்போது அந்த நாலாவது விஷயத்துக்கு வருவோம். யார் எவ்வளவு நேரத்தை எதற்குச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு 2024-ல் நாடு முழுவதும் கணக்கெடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 289 நிமிஷம். அதாவது ஐந்து மணிக்குப் பதினோரு நிமிஷந்தான் குறைவு. அதே வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிஷம். இதற்கு முன் 2019-ல் எடுத்த கணக்கில் பெண்ணுக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97 நிமிஷம். ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைந்ததே என்று சந்தோஷப்படப் பார்த்தால், ஆணுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்து விட்டது!

இன்னொரு கணக்கு இதைவிடக் கவலை தருவது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவிகிதத்தினருக்கு இரத்த சோகை. நூறு பேரில் பாதிக்கு மேல்! சமைக்கிறவளுக்கே இரத்தம் இல்லை என்றால் என்ன சொல்வது?

இரத்த சோகைக்குக் காரணங்கள் பல. வறுமை உண்டு, மாதவிடாய், பிரசவம் உண்டு, குடல் பூச்சி உண்டு. ஆனால் சோற்றுக்குக் கஷ்டமில்லாத வீடுகளிலும் இது இருக்கிறதே! அங்கே கடைசியாகச் சாப்பிடுகிற பழக்கத்தையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். கீரைக் கூட்டு முதலில் தீருகிறது. மீன் துண்டு முதலில் தீருகிறது. மிஞ்சுவது சாதமும் ரசமும். "எனக்கு இது போதும்" என்று சமையலறையில் நின்றபடியே ஒரு வாய் போட்டுக் கொண்டு, கையோடு ஒரு காப்பியும் குடித்து விடுகிறார்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் காப்பியும் டீயும் உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர விடாமல் தடுக்கின்றன. சாப்பிட்ட பின் ஒரு மணி நேரமாவது கழித்துக் குடித்தால் நல்லது. கீரையோடு எலுமிச்சம் பழம் பிழிந்து கொண்டாலோ, பக்கத்தில் ஒரு நெல்லிக்காய் இருந்தாலோ இரும்புச் சத்து நன்றாகச் சேரும். காசு அதிகம் ஆகாத வைத்தியம் இது. களைப்பும் மூச்சு வாங்குவதும் தொடர்ந்து இருந்தால் மட்டும் டாக்டரிடம் போய் இரத்தத்தைச் சோதித்துக் கொள்ளுங்கள்.

சில யோசனைகள்

எங்கள் மாம்பலத்துத் தம்பதிக்கு, ஹோட்டலிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வரத் தக்கவை என்று சிலவற்றைச் சொல்வோம். உங்களுக்கும் பயன்படலாம்.

முதலாவது, இரவுச் சாப்பாட்டில் இரண்டு தட்டும் ஒரே சமயத்தில் வைக்கப்பட வேண்டும். தோசை நாளில் அது எப்படி முடியும் என்கிறீர்களா? இட்லியோ, சேவையோ, சப்பாத்தியோ முன்னதாகச் செய்து மூடி வைக்கலாம். தோசைதான் வேண்டும் என்று அவர் அடம் பிடித்தால், பாதித் தோசையை அவர் வார்க்கட்டும். கரண்டி யார் கைக்கும் பொருந்தும்.

இரண்டாவது, ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, இருவருமாகப் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு என்று இரண்டு மூன்று தயார் செய்து வைத்துக் கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் குழம்பு வைக்கிற வேலை மிச்சம்.

மூன்றாவது, மீந்த சாதத்தை மேடையிலேயே இரவு முழுவதும் விட்டு வைக்காதீர்கள். சாதத்தில் வளரும் சில கிருமிகள் உண்டாக்கும் விஷம் மறுநாள் சூடு பண்ணினாலும் போகாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப் பெட்டிக்குள் போகட்டும். மறுநாள் அதை எலுமிச்சம்பழச் சாதமாகச் செய்தால் இருவருமே சாப்பிடுங்கள். "பழசு எனக்கு, புதுசு அவருக்கு" என்ற சட்டத்தை ரத்து செய்து விடுங்கள்.

நாலாவது, வாரத்தில் ஒரு வேளையாவது வெளியில் சாப்பிடுவது என்று வைத்துக் கொண்டால், அதைப் பார்சல் வாங்கி வரும் வேளையாக ஆக்கி விடாதீர்கள். டெலிபோனில் பட்டனைத் தட்டினால் வீட்டு வாசலுக்கே பிரியாணி வரும் காலம் இது, சௌகரியந்தான். ஆனால் பொட்டலத்தைப் பிரிப்பதும், தட்டு எடுப்பதும், மேஜையைத் துடைப்பதும் மறுபடி ஒருத்தியின் தலையிலேயே விழும். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி மெஸ்ஸுக்கு நடந்து போய் வந்தால், காற்றாடப் பத்து நிமிஷம் பேசின மாதிரியும் இருக்கும்.

ஐந்தாவது யோசனை பாத்திரத்தைப் பற்றியது. ஹோட்டலில் சமைக்கிறவர் வேறு, பரிமாறுகிறவர் வேறு, மேஜை துடைக்கிறவர் வேறு. அந்த ஏற்பாட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வரலாம். சமைத்தவர் பாத்திரம் தேய்க்கக் கூடாது, இது விதி. இந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். "இதை யார் எழுதியது?" என்று அவர் கேட்டால், பத்திரிகைக்காரர்கள் என்று எங்கள்மேல் பழியைப் போட்டு விடுங்கள். அவர் கையில் தேங்காய் நாரைக் கொடுப்பதை மட்டும் மறந்து விடாதீர்கள்!